ஸ்படிகம் எப்படி வளர்கிறது, அதற்குள் மற்றவை எப்படிச் சிக்குகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்படிகக் கல் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "உள்ளே ஒன்றும் இல்லையே, சுத்தமாக இருக்கிறதா?" என்பதைத்தான். எனக்கு நேர் எதிரான ஆசை. உள்ளே ஏதாவது இருக்கிற கல்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு கொத்து ஊசி, கொஞ்சம் பச்சைத் தூள், ஒரு சொட்டுத் தண்ணீர், எதுவானாலும் சரி. அந்தக் கல் எவ்வளவு சூட்டில், என்ன மாதிரித் தண்ணீரில், எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்தது என்பதற்கு நம் கண்ணுக்கு நேராகக் கிடைக்கும் தடயம் அதுதான். இப்படி உள்ளே சிக்கியவற்றைக் கல் வியாபாரத்தில் இன்க்லூஷன் என்பார்கள், பாடப்புத்தகத் தமிழில் உட்பொதிவு. இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வெங்கச்சங்கல்லும் ஸ்படிகமும் ஒரே கல்லா? ஒன்று பால் மாதிரி, இன்னொன்று கண்ணாடி மாதிரி இருக்கிறதே?

ஒரே பொருள்தான். இரண்டும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சேர்ந்த சிலிக்கா. கரட்டுக் காட்டில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கல்லை எடுத்து இருட்டில் ஒன்றோடு ஒன்று உரசினால் உள்ளே மங்கலாக ஒளி வரும். ஸ்படிகத்தை உரசினாலும் அதே ஒளிதான் வரும், ஆனால் நல்ல கல்லை அப்படிப் பாழாக்க வேண்டாம்.

வித்தியாசமெல்லாம் வளர்ந்த சூழலில்தான் இருக்கிறது. பாறைப் பிளவு முழுக்க ஒரே நேரத்தில் ஏகப்பட்ட படிகங்கள் முளைத்து ஒன்றை ஒன்று நெருக்கினால் எதற்கும் ஒழுங்கான முகம் அமையாது, கடைசியில் மொத்தையாகத்தான் நிற்கும். நடுவில் காலி இடம் இருந்தால், அந்த இடத்தை நோக்கி வளர்ந்த படிகங்களுக்கு மட்டும் கூர்முனையும் வழுவழுப்பான முகங்களும் கிடைக்கும். பால் நிறம் எங்கிருந்து வருகிறது என்றால், வேகமாக வளரும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் கோடிக்கணக்கான திரவத் துளிகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன, அவை வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. ஆக, வெங்கச்சங்கல்லின் வெள்ளை முழுக்க முழுக்க உட்பொதிவுதான். பெரிய ஸ்படிகங்களில் அடிப்பகுதி வெள்ளையாகவும் நுனி தெளிவாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அவசரமாக வளர்ந்தது, பிறகு நிதானமாக வளர்ந்தது.

கல் எப்படி வளரும்? அதற்கு என்ன உயிரா இருக்கிறது?

உயிர் இல்லை. செடி தன் உடம்புக்குள் சத்தை எடுத்துக்கொண்டு வளர்கிறது. படிகம் அப்படியில்லை, சுற்றியுள்ள திரவத்தில் கரைந்திருக்கும் பொருள் வந்து அதன் மேற்பரப்பில் படிந்து படிந்துதான் பெரிதாகிறது. பாகில் நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு எடுப்பதும் இதே வேலைதான். அங்கே சர்க்கரையும் சில நாட்களும், இங்கே சிலிக்காவும் நினைத்துப் பார்க்க முடியாத அளவு காலமும்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர் டென்மார்க்கில் பிறந்து இத்தாலியின் ஃபுளோரன்ஸில் வேலை பார்த்த நிக்கோலஸ் ஸ்டீனோ. 1669இல் அவர் ஸ்படிகங்களை வைத்து இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, படிகம் வெளியிலிருந்து பொருள் சேர்ந்து வளர்கிறது. இரண்டு, முகங்கள் எவ்வளவு பெரிதாகவோ சிறிதாகவோ கோணலாகவோ இருந்தாலும் முகத்துக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் மாறவே மாறாது. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் ரோமானியர் காலத்திலிருந்தே, ஸ்படிகம் என்பது இறுகிப்போய் மறுபடி உருகாத பனிக்கட்டி என்றுதான் பலரும் நம்பிவந்தார்கள்.

கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், அணுக்கள் கண்ட இடத்தில் வந்து ஒட்டுவதில்லை. வழுக்கலான தட்டைப் பரப்பில் ஒட்டுவது கடினம். ஏற்கெனவே அரைகுறையாகப் படிந்திருக்கும் அடுக்கின் விளிம்பில், அந்தப் படிக்கட்டு ஓரத்தில் ஒட்டுவது எளிது. அதனால் ஒவ்வொரு அடுக்கும் பக்கவாட்டில் பரவி ஒரு முகத்தை மூடும், பிறகு அடுத்த அடுக்கு தொடங்கும்.

சரி, ஆனால் சிலிக்கா தண்ணீரில் கரையாதே? மணல் கரைந்தால் கடற்கரை ஏது?

நம் வீட்டுத் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் பத்து மில்லிகிராம் அளவு குவார்ட்ஸைக் கரைத்தாலே அதிகம். அதே தண்ணீரைப் பூமிக்குள் 250 டிகிரிக்கு, ஆவியாகிவிடாத அழுத்தத்தில் வைத்தால் ஒரு கிலோவில் ஐந்நூறு மில்லிகிராமை நெருங்கும் அளவுக்குக் கரைக்கும். இன்னும் ஆழத்தில், இன்னும் சூட்டில் அதைவிட அதிகம். கூடவே உப்பு, கார்பன் டை ஆக்சைடு என்று பலதும் கலந்திருக்கும்.

இப்படிச் சிலிக்காவைச் சுமந்துகொண்டு வரும் சூடான தண்ணீர், மேலே ஏறும்போது குளிரும், அல்லது பாறை சட்டென்று பிளந்து அழுத்தம் குறையும். அப்போது சுமக்க முடியாத மிச்சம் எங்காவது படிந்துதானே ஆக வேண்டும்? பிளவின் சுவரில் இருக்கிற ஒரு குவார்ட்ஸ் மணி போதும், அதன் மேலேயே அடுக்கடுக்காகப் படியத் தொடங்கிவிடும்.

எந்த மாதிரி இடங்களில் இது நடக்கிறது?

பல இடங்களில் நடக்கிறது, ஆனால் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது ஆல்ப்ஸ் மலைதான். அந்த மலை எழும்பியபோது ஆழத்திலிருந்த பாறைகள் இழுபட்டு அங்கங்கே வாய் பிளந்தன. அந்தப் பிளவுகளில் சூடான திரவம் நிரம்பி, சுற்றியுள்ள பாறையிலிருந்தே சிலிக்காவைக் கரைத்து எடுத்துப் பிளவுக்குள் கொண்டுவந்து படியவைத்தது. இதனால் பிளவை ஒட்டிய பாறை பல இடங்களில் வெளுத்து, ஓட்டை ஓட்டையாகிவிடும். ஸ்படிகம் தேடி மலையேறுகிறவர்கள் இந்த வெளுத்த பாறையையும் அதனருகே ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ் பட்டையையும்தான் முதலில் கண்ணால் தேடுவார்கள். சுவிட்சர்லாந்தில் இவர்களுக்கு ஷ்ட்ராலர் என்று பெயர், தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற தொழில். 2005இல் ஊரி மாநிலத்தின் பிளாங்கன்ஷ்டாக் மலையில் இப்படிப்பட்ட ஒரு பிளவிலிருந்து பிரமாண்டமான, துல்லியமான ஸ்படிகக் கொத்துகளை எடுத்தார்கள். அவை இப்போது பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையில் வாயுக் குமிழி விட்டுப்போன குழிகளில் வளர்ந்தவைதான் பிரேசிலின் தென்கோடியிலிருந்தும் உருகுவேயிலிருந்தும் வரும் ஊதா அமெதிஸ்ட் குடைவுகள். கிரானைட் குழம்பு கடைசியாக உறையும் பெக்மடைட் பாறைகளில் ஆள் உயரத்தைத் தாண்டும் படிகங்கள் உண்டு. பிரேசிலின் கோயாஸ் மாநிலத்தில் கிடைத்த ஒன்று ஆறு மீட்டர் நீளம், ஏறக்குறைய நாற்பது டன் எடை என்று பதிவாகியிருக்கிறது. தங்கச் சுரங்கங்களிலும் இதே கதை ஓடுகிறது. கோலாரில் தங்கத்தைப் பிடித்துவைத்திருந்தது குவார்ட்ஸ் ரீஃப்தான், அதாவது பாறைக்குள் ஓடும் குவார்ட்ஸ் பட்டை.

ஒரு விரல் நீளக் கல் வளர எத்தனை ஆண்டு ஆகும்?

இதற்கு ஒரே எண் கிடையாது. தொழிற்சாலையில் வளர்க்கும் குவார்ட்ஸ் ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை வளரும். தடித்த எஃகு உருளைக்குள் 300 முதல் 400 டிகிரி சூடு, ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம், கொஞ்சம் காரம் (ஆல்கலி) கலந்த தண்ணீர், கீழே குவார்ட்ஸ் துண்டுகள், மேலே சற்றுக் குளிர்ந்த பகுதியில் தொங்கும் விதைத் தகடு. 1900களின் தொடக்கத்தில் டூரின் நகரில் ஜியோர்ஜியோ ஸ்பெட்சியா இதன் அடிப்படையைச் செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போரில் ரேடியோக் கருவிகளுக்காக பிரேசில் ஸ்படிகத்தை எல்லோரும் போட்டிபோட்டு வாங்க நேர்ந்த பிறகுதான் அது பெரிய தொழிலாக மாறியது. நம் கைக்கடிகாரத்தில் வினாடிக்கு 32,768 தடவை அதிரும் துண்டு இப்படி வளர்த்த கல்தான்.

இயற்கையில் திரவம் வரும், நிற்கும், மறுபடி வரும். நடுவே பிளவே மூடிக்கொள்ளும், பல லட்சம் ஆண்டுகள் ஒன்றுமே நடக்காமலும் இருக்கும், வளர்ந்த கல் திரும்பக் கரையக்கூடச் செய்யும். அதனால் "நீளத்தை வேகத்தால் வகுத்தால் வயது" என்கிற கணக்கு இங்கே எடுபடாது.

எல்லா ஸ்படிகமும் ஆறு பட்டையாக இருப்பது ஏன்?

ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், அந்த நான்முகிகள் ஒன்றோடொன்று கைகோத்துத் திருகுச் சுருளாக ஏறுகின்றன. அந்த அடுக்குமுறை வெளியே 120 டிகிரிக் கோணமுள்ள ஆறு பக்கங்களாகத் தெரிகிறது. சுருள் இடப்பக்கமும் திரும்பலாம், வலப்பக்கமும் திரும்பலாம், அதனால் இடக்கை ஸ்படிகம், வலக்கை ஸ்படிகம் என்று இரண்டு வகை உண்டு. கையில் கல் இருந்தால் பட்டை முகத்தின் மேல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். குறுக்கே மெல்லிய வரிகள் நெருடும். பட்டை முகமும் நுனி முகமும் மாறி மாறி வளரப் பார்த்ததில் விழுந்த வரிகள் அவை. இழைத்து பாலிஷ் போட்ட கல்லில் இது இருக்காது.

கெட்டியான கல்லுக்குள் ஊசியும் தூளும் எப்படிப் போயின?

போகவில்லை, கல்தான் அவற்றைச் சுற்றி வளர்ந்தது. நிறையப் பேருக்குக் குழப்பம் இந்த இடத்தில்தான் வருகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கல்லியலாளர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். முன்பே இருந்தவை, கூடவே வளர்ந்தவை, பின்னால் வந்தவை. கறுப்பு டூர்மலின் என்கிற கனிமத்தின் ஊசிகளோ தங்க நிற ரூடைல் (டைட்டானியம் ஆக்சைடு) இழைகளோ பிளவுக்குள் முதலில் வளர்ந்து நிற்கும், பிறகு குவார்ட்ஸ் வந்து அவற்றைச் சுற்றி மூடும். இது முதல் வகை. இரண்டாவதில் இரண்டும் ஒரே காலத்தில் வளர்கின்றன, ஒன்றின் முகத்தில் இன்னொன்று உட்கார்ந்து, அதன்மேல் இது படிந்து, அப்படியே உள்ளே போய்விடும். மூன்றாவது, கல் முழுதாக வளர்ந்த பிறகு விரிசல் விட்டு அதன் வழியாக நுழைந்தவை. விரிசல் ஓரமாகப் படியும் செம்பழுப்பு இரும்புக் கறை பெரும்பாலும் இதுதான்.

பிரேசிலின் பாயியா மாநிலத்து நோவோ ஹொரிசோன்டே ஊர்க் கல் ஒன்றைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்பாக, உலோகம் மாதிரி மினுங்கும் ஒரு சின்ன ஹெமடைட் (இரும்பு ஆக்சைடு) தகடு, அதன் ஓரங்களிலிருந்து ஆறு திசையில் பொன்னிற ரூடைல் இழைகள் பீறிட்டுக்கொண்டு கிளம்பும். ஆறு திசை என்பது தற்செயல் இல்லை. ஹெமடைட்டின் அணு அடுக்கு ஆறு பக்கமாக ஒழுங்குபட்டது, ரூடைல் அந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டு அந்தந்தத் திசையில் மட்டும் வளர்ந்திருக்கிறது. இந்த நட்சத்திரம் தயாரான பிறகுதான் குவார்ட்ஸ் வந்து மூடியது. அதாவது ஒரு கல்லைப் பார்த்தே முதலில் ஹெமடைட், அடுத்து ரூடைல், கடைசியில் குவார்ட்ஸ் என்று வரிசை சொல்லிவிடலாம். எந்த ஆய்வுக் கருவியும் தேவைப்படவில்லை, பத்து மடங்கு லென்ஸ் போதும். எனக்கு இந்தத் துறையில் இதைவிடப் பிடித்த விஷயம் இல்லை.

இன்னொன்று, வளரும் படிகம் எதிரே வருவதையெல்லாம் விழுங்கிவிடுவதில்லை. மெதுவாக வளரும்போது சின்னத் துகள்களை முன்னால் தள்ளிக்கொண்டே போக அதற்கு வாய்ப்பு உண்டு. வேகம் கூடினால், அல்லது துகள்கள் நெருக்கமாக வந்து விழுந்தால், மூடிவிடும். முன்பு சிக்கிய பொருள் பிற்பாடு கரைந்து போய்விடுவதும் உண்டு. சில ஆல்ப்ஸ் கற்களிலும் பிரேசில் கற்களிலும் நீளமான சதுரக் குழாய் மாதிரி ஓட்டைகள் தெரியும். அங்கே இருந்த அன்ஹைட்ரைட் என்கிற கனிமம் கரைந்து அதன் வடிவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கல்லுக்குள் இன்னொரு கல் நிழல் மாதிரித் தெரிகிறது. அது என்ன?

ஃபாண்டம் என்பார்கள். படிகம் ஒரு கட்டத்தில் வளர்வதை நிறுத்துகிறது, அப்போது அதன் முகங்களின் மேல் ஏதாவது தூள் படிகிறது, பிறகு வளர்ச்சி மறுபடி தொடங்கி அந்தத் தூளை மூடுகிறது. பழைய கல்லின் வெளிக்கோடு அப்படியே உள்ளே நிற்கும். ஆல்ப்ஸிலும் பிரேசிலிலும் இந்தத் தூள் பெரும்பாலும் குளோரைட் என்கிற பச்சைக் கனிமம். சில கற்களில் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தாறு நிழல்கள்கூட இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம்.

இதில் நான் எப்போதும் தேடுவது ஒன்று உண்டு. பச்சைத் தூள் எல்லா முகத்திலும் சமமாக இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா? பல கற்களில் ஒரு பக்கத்து முகங்களில் மட்டும் தடிமனாகப் படிந்திருக்கும், எதிர்ப்பக்கம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும். தூள் மேலிருந்து கீழே விழுந்திருக்கிறது, அது படிந்த பக்கம் அன்றைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பிளவுக்குள் அந்தக் கல் எப்படிச் சாய்ந்து நின்றது என்பது உங்கள் கையிலேயே தெரிந்துவிடுகிறது.

குறுக்கே வெள்ளை நூல் ஓடுகிற தட்டையான கற்கள்?

நூல் ஸ்படிகம் என்று சொல்லலாம், ஜெர்மன் பெயர் ஃபாடன். பாறை மெதுவாக விரிந்துகொண்டே இருக்கும்போது, பிளவின் இரு சுவர்களையும் தொட்டு நிற்கும் படிகம் உடைகிறது, உடனே ஆறுகிறது, மறுபடி உடைகிறது. ஒவ்வொரு ஆறலிலும் திரவத் துளிகள் மாட்டிக்கொள்ள, அந்த வெட்டுத் தழும்பு வெள்ளை இழையாகத் தெரிகிறது. ஆல்ப்ஸிலும் பாகிஸ்தானின் வசிரிஸ்தானிலும் அழகானவை கிடைக்கின்றன.

உள்ளே தண்ணீரும் அசையும் குமிழியும் இருக்கிறதே, அது உண்மையாகவே பழைய தண்ணீரா?

நல்ல கல்லாக இருந்தால், ஆமாம். எந்தத் திரவத்திலிருந்து படிகம் வளர்ந்ததோ அதன் ஒரு சொட்டு, முகத்தில் இருந்த பள்ளத்தில் தங்கி, மேலே அடுக்கு மூடியதும் சிறைப்பட்டது.

குமிழி வந்தது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? சிக்கும்போது அநேகமாகக் குமிழி கிடையாது, அந்தக் குழி முழுக்கச் சூடான திரவம்தான். பின்னால் கல் குளிர்ந்தபோது குவார்ட்ஸ் கொஞ்சமாகச் சுருங்கியது, உள்ளே இருந்த திரவம் அதைவிட அதிகமாகச் சுருங்கியது. இடம் காலியானது, அங்கே ஆவிக் குமிழி உண்டானது. இதைத் திருப்பிப் போட்டால் ஒரு தெர்மாமீட்டர் கிடைத்துவிடுகிறது! கல்லை மெல்லியதாக இழைத்து, சூடேற்றும் மேடை உள்ள நுண்ணோக்கியில் வைத்து மெதுவாகச் சூடாக்கினால் ஒரு கட்டத்தில் குமிழி சுருங்கி மறையும். அந்தக் கல் குறைந்தபட்சம் அந்தச் சூட்டில் வளர்ந்தது என்று பொருள். 1858இல் இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சார்பி இந்த வழியை எழுதிவைத்தார். இன்றைக்கும் தாதுப் படிவுகளை ஆராய்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அதே துளியை உறையவைத்து, பனி எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்று பார்த்தால் எவ்வளவு உப்பு இருந்தது என்பதும் தெரியும். சில துளிகளில் உப்பு அவ்வளவு அதிகம், குளிர்ந்ததும் உள்ளேயே குட்டிச் சதுர உப்புப் படிகம் பிரிந்து நிற்கும்.

கார்பன் டை ஆக்சைடு நிறைந்த துளிகள் இன்னும் வேடிக்கை காட்டும். 31 டிகிரிக்கு மேல் அதில் திரவம், வாயு என்ற பேதமே இல்லாமல் போய்விடும் என்பதால் குமிழி அந்தச் சூட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். சென்னை மே மாதத்தில் இப்படிப்பட்ட கல்லைப் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று வைத்துவிடாதீர்கள், ஏசி அறைக்குள் கொண்டுபோங்கள், குமிழி வரும்.

எல்லாத் துளியும் முதல் வளர்ச்சிக் காலத்தது என்று நினைத்துவிடவும் கூடாது. விரிசல் விட்டு, அதில் பிற்காலத் திரவம் நுழைந்து, விரிசல் ஆறியபோது வரிசை வரிசையாகச் சிக்கிய துளிகளும் உண்டு. மேகம், திரை, இறகு என்று கடைக்காரர்கள் காட்டுவதில் பெரும்பகுதி இவைதான்.

ஹெர்கிமர் வைரம் என்று விற்கிறார்களே, அது வைரமா?

இல்லை, குவார்ட்ஸ். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹெர்கிமர் என்ற பகுதியில், ஏறக்குறைய ஐம்பது கோடி ஆண்டு பழைய டோலமைட் பாறையின் குழிகளில் வளர்ந்தது. பாறையின் வயது அது, ஸ்படிகங்கள் அதற்குப் பிறகு வளர்ந்தவை. பலவும் சுவரோடு ஒட்டியும் ஒட்டாமலும் வளர்ந்ததால் இரண்டு பக்கமும் கூர்முனை. உள்ளே கறுப்புத் துணுக்குகள் தெரிந்தால் அது கரிமப் பொருள், பழைய எண்ணெய் இறுகிக் கரியானது.

எண்ணெய் எண்ணெயாகவே சிக்கிய கற்கள் பாகிஸ்தானின் பலுசிஸ்தானிலிருந்து வருகின்றன. மஞ்சள் துளி, அதற்குள் மீத்தேன் குமிழி. புற ஊதா விளக்கைக் காட்டினால் எண்ணெய் மட்டும் பளீரென்று ஒளிரும்.

ஊதா, புகை நிறம், ரோஸ் எல்லாம்கூட உட்பொதிவுதானா?

ரோஸ் மட்டும் பெரும்பாலும் ஆமாம், மொத்தையான ரோஸ் குவார்ட்ஸில் டுமோர்ட்டியரைட் என்கிற கனிமத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய இழைகள் நிறம் தருகின்றன. ஊதாவும் புகையும் வேறு கதை. அமெதிஸ்ட்டில் சிலிக்கான் இடத்தில் இரும்பு, புகைக்கல்லில் அலுமினியம் உட்கார்ந்திருக்கிறது, சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு பட்டுப்பட்டு நிறம் வருகிறது. இரண்டும் சூடு காட்டினால் போய்விடும். கடையில் இருக்கிற சிட்ரின் என்ற மஞ்சள் குவார்ட்ஸ் பாதிக்கு மேல் சூடாக்கிய அமெதிஸ்ட்தான் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள்.

என் ஸ்படிக மாலையில் கோடும் மேகமும் இருக்கிறது. தோஷமா, ஏமாற்றிவிட்டார்களா?

இரண்டும் இல்லை. அந்தக் கோடும் மேகமும்தான் உங்களுக்குக் கிடைத்த நல்ல அத்தாட்சி. எல்லா மணியும் ஒன்றுபோல் துல்லியமாக, மலிவாகவும் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி. குவார்ட்ஸுக்குள் இருக்கும் குழிகள் பெரும்பாலும் கோணலாகவோ, குட்டிப் படிக வடிவிலோ இருக்கும். குவார்ட்ஸ் கண்ணாடியைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் கன்னத்தில் வைத்தால் அதிகமாகச் சில்லென்று இருக்கும். ஆய்வகத்தில் வளர்த்த கல்லைப் பிரிப்பது கடினம். ரொட்டித் துணுக்கு மாதிரி வெள்ளைப் புள்ளிகளும் நடுவே விதைத் தகட்டின் தட்டைக் கோடும் தெரிந்தால் யூகிக்கலாம். கல் முழுக்க வெடிப்பு வலை, அந்த வெடிப்புகளில் மட்டும் ரோஸோ நீலமோ இருந்தால், சூடாக்கிச் சாயத்தில் முக்கியது.

தெளிவான கல்லுக்கு அதற்குரிய வேலை உண்டு, அதை மறுக்கவில்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தில் ஒருகாலத்தில் ஸ்படிகத்தை இழைத்து மூக்குக்கண்ணாடி வில்லை செய்தார்கள், அதில் மேகம் இருந்தால் எப்படிப் பார்ப்பது? ஆனால் கழுத்தில் போடவும் கையில் வைத்துப் பார்க்கவும் வாங்குகிற கல்லில் "சுத்தம்" என்று மேலும் காசு கொடுப்பதைவிட, அதே காசுக்கு ஒரு பச்சை ஃபாண்டம் வாங்கலாம் என்பது என் கருத்து.

வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பத்து மடங்கு லென்ஸ், செல்போன் டார்ச், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். கல் சொரசொரப்பாக இருந்தால் தண்ணீரில் முக்கினாலே மேற்பரப்பு மறைந்து உள்ளே திறந்துகொள்ளும். வெளிச்சத்தைப் பின்னாலிருந்து காட்டாதீர்கள், பக்கவாட்டில் காட்டி, கல்லின் பின்னால் கறுப்புத் துணியை வையுங்கள். கல்லை மெதுவாகத் திருப்புங்கள், ஊசிகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் மின்னும். குமிழி இருந்தால் சாய்த்துப் பாருங்கள், குழி கொஞ்சம் பெரிதாக இருந்தால் ரசமட்டக் குமிழி மாதிரி நகரும்.

செய்யக்கூடாதது ஏதாவது?

தண்ணீர்த் துளி உள்ள கல்லைச் சூடாக்கக் கூடாது, உள்ளே இருப்பது விரிந்து கல்லையே வெடிக்கவைக்கும். ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவ வேண்டாம். உருண்டையான தெளிந்த ஸ்படிகத்தை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள், பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் துணியைப் பற்றவைத்துவிடும். அமெதிஸ்ட் நீண்ட நாள் வெயிலில் வெளுக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கல்லை உலர்ந்த நிலையில் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சரியான முகக்கவசத்தோடுதான்.

குவார்ட்ஸை வீட்டில் வளர்க்க முடியுமா? குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும்.

முடியாது, அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் வீட்டில் தொடவே கூடாது. ஆனால் ஃபாண்டம் எப்படி உண்டாகிறது என்பதைப் படிகாரத்தில் காட்டிவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற அளவு படிகாரத்தைக் கரைத்து, வடிகட்டி ஆறவிடுங்கள். அடியில் முளைக்கும் குட்டிப் படிகங்களில் நல்லதாக ஒன்றை எடுத்து மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டி, தெளிந்த அதே கரைசலில் தொங்கவிட்டு, மேலே காகிதத்தால் மூடி ஆடாத இடத்தில் வையுங்கள். கொட்டைப்பாக்கு அளவு வந்ததும் வெளியே எடுத்து, மேல்பக்க முகங்களில் மட்டும் சலித்த செங்கல் தூளைத் தூவி, திரும்ப உள்ளே விடுங்கள். கரைசல் அப்போதும் முழுக்கச் செறிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் படிகம் கரையத் தொடங்கிவிடும். சில நாட்களில் தெளிவான படிகத்துக்குள் சிவப்புக் கோட்டில் பழைய படிகம் தெரியும், அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

இன்னொரு பாத்திரத்தில் கரைசலைச் சூடாக வைத்துச் சட்டென்று குளிரவிட்டுப் பாருங்கள், வருவது பால் வெள்ளையாக இருக்கும், வெங்கச்சங்கல் ஏன் வெள்ளை என்பதும் அங்கேயே விளங்கிவிடும். வளர்ந்து முடிந்ததைத் துடைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள், பூசாவிட்டால் நாளடைவில் முகங்கள் மங்கிவிடும்.